கால் பட்டுட்டு

கொரியாக்காரனை இடித்துத் தள்ள வேண்டிய நேரத்தில் இன்னாசி தன் முகத்தில் தானே மட்டையால் அடித்துக்கொண்டான்.

டி.வி.யில் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. பனித்தளத்தின் ஓரமாக ரப்பர் வட்டைத் துரத்திக்கொண்டு இருவரும் பாய்கிறார்கள். இன்னாசியின் ஸ்லெட் கொரியாக்காரனின் ஸ்லெட்டை உரசுகிறது. விலாவில் ஒரு நல்ல இடி கொடுத்தால் வட்டு இன்னாசிக்கு. ஆனால் உரசிய கணத்திலேயே அவனுடைய ஸ்லெட் சட்டென்று பின்னால் இழுத்துக்கொள்கிறது. வலது கை எதிராளியின் பக்கம் நீண்டு, திரும்பி வந்து, சொந்த ஹெல்மெட்டின் வலைக்கம்பியில் ‘டங்’ என்று மோதுகிறது. கொரியாக்காரன் வட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டான்.

இன்னாசி மட்டும் இல்லை, மாற்றுத்திறனாளிகளுக்கான இந்திய பாரா ஐஸ் ஹாக்கி அணியில் எல்லோருக்கும் இதே கதிதான். கொரியாவிடம் தோல்வி, செக் நாட்டிடமும் தோல்வி. உலகப்போட்டி நடந்த செக் நாட்டின் ஆஸ்ட்ராவா நகரத்து அரங்கில் அந்த ‘டங்’ கேட்கும்போதெல்லாம் ரசிகர்கள் சேர்ந்து கைதட்டப் பழகிவிட்டார்கள். அது இந்தியர்களின் ரகசியச் சைகையாக இருக்கக்கூடும் என்று ஒரு வர்ணனையாளர் வெகுநேரம் விளக்கினார். அடுத்த ஆட்டம் நார்வேயோடு. அதிலும் தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான்.

ஸ்லெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வாளி போல ஓர் இருக்கை. அதன் அடியில் இரண்டு கத்தித் தகடுகள். முன்னால், கால் இருக்க வேண்டிய இடத்தில், வளைந்த கம்பிச் சட்டம். ஆட்டக்காரர் இடுப்பைப் பட்டையால் இறுக்கிக்கொண்டு அதில் உட்கார்வார். கைக்கு ஒன்றாக இரண்டு குட்டை மட்டைகள். ஒரு முனை வட்டை அடிப்பதற்கு. மறுமுனையில் இரும்புப் பற்கள். அந்தப் பற்களைப் பனியில் குத்தித் துழாவினால் வண்டி பறக்கும். தோளோடு தோள், விலாவோடு விலா இடிக்கலாம். முன்கம்பியால் நேராகக் குத்தினால்தான் குற்றம். முன்பெல்லாம் திரும்புவதற்கு இடுப்பை வளைக்க வேண்டும். இப்போதைய ஸ்லெட் காலால் திரும்புகிறது. இல்லாத காலால்.

இன்னாசிக்கு அதை முதலில் புரியவைத்தவள் கோதை, அணியின் பொறியாளர், கோயம்புத்தூர்க்காரி. தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குப்பெட்டியின் சங்கிலி அறுந்து விழுந்ததில் இன்னாசிக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டும் போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. இல்லாத இடது காலின் இரண்டாவது விரல் மட்டும் ஓயாமல் அரித்தது.

“காலைத்தாங்ண்ணா வெட்டுனாங்க. மூளையில காலுக்குன்னு ஒதுக்கின எடத்த யாரும் வெட்டலையே” என்றாள் கோதை. “வீட்டுக்காரர் காலி பண்ணிட்டுப் போயிட்டாரு. தபால் மட்டும் அந்த விலாசத்துக்கே வந்துட்டு இருக்குது. அவ்வளவுதாங்ண்ணா.”

“ஆமா, ரெண்டாவது வெரல்ல அரிக்குதுன்னு தெனம் ஒரு தபால் வருதே!”

“அந்தத் தபாலுக்குப் புது விலாசம் குடுக்கறோம். இந்த ஸ்லெட்டுதான் உங்க கால்.”

முழங்காலின் கீழே மாட்டும் ஒரு பட்டை. அதிலிருந்து போகிற கம்பி ஒன்று: பாதத்தைத் திருப்ப இன்னாசி நினைத்தால் நரம்பில் எழும் துடிப்பைப் படித்துக் கத்தித் தகட்டைத் திருப்பும், காலை இழுக்க நினைத்தால் ஸ்லெட்டையே பின்னுக்கு இழுக்கும். வருகிற கம்பி ஒன்று: சட்டத்தில் எது பட்டாலும் அதை நரம்பிடம் போய்ச் சொல்லும்.

சென்னைப் பயிற்சிக்கூடத்தில் அதை முதன்முதலாக இயக்கியபோது இன்னாசிக்கு உள்ளங்கால் ஜில்லென்றது. அதை அவன் நம்பவில்லை. பிறகு குனிந்து, மட்டையின் பற்களால் முன்கம்பியின் இடது நுனியைப் பரபரவென்று சொறிந்தான். ஒன்பது வருடத்து அரிப்பு நின்றது. அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கூடைப்பந்து மைதானத்தில் ஆட்டம் நின்றுபோனது.

இப்போது அந்த வருகிற கம்பிக்குத்தான் ஆபத்து.

ஓய்வு நாள் மதியம், அரங்கத்தின் பின்னால் கருவிகள் வைக்கும் அறையில், கையில் கம்பிவெட்டியோடு கோச் ஸ்டான்சின் நின்றார். அவர் லடாக்கைச் சேர்ந்தவர். சென்னையில் நான்கு வருடம் இருந்து தமிழ் கற்றவர். மரியாதை மட்டும் அவருக்கு இன்னும் கைகூடவில்லை.

“வர்ற கம்பி கழட்டு” என்றார் கோதையிடம். “தொட்டா தெரியாது. தெரியலைன்னா பயம் இல்ல. பயம் இல்லைன்னா பின்னால போகாது.”

“கோச், நான் பயப்படல” என்றான் இன்னாசி.

“இன்னாசி, நீ பேசாதீங்க.”

“கழட்டுனா காலே போயிரும் கோச். திரும்பத் திரும்ப எத்தன தடவதான் எங்கால வெட்டுவிய?”

ஸ்டான்சின் தன் செயற்கைக்காலை ஒருமுறை பார்த்தார். அவருக்கும் ஒரு கால் இல்லை, பனிச்சரிவில் போனது. கம்பிவெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “சாயங்காலம் வரைக்கும் பாரு” என்று கோதையிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

கோதை கணினியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்லெட்டின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பட்டைகள் மாட்டியபடி இன்னாசி இருக்கையில் இருந்தான்.

“எனக்கு ஒண்ணுதாங்ண்ணா புரியல. மெஷின்ல கோளாறு இல்லைங்க. பின்னாடி போன்னு உத்தரவு வர்றது உங்ககிட்ட இருந்துதான். அதுவும் மேட்ச்சுல மட்டும். சென்னையில ஒரு வருசம் ஆடுனீங்க, நூறு தடவ இடிச்சிருப்பீங்க, ஒருக்காகூட இது வரலையே!”

“நான் ஒண்ணும் உத்தரவு போடலியே தாயி.”

“சரி, பாதத்தக் கொஞ்சம் வலது பக்கம் திருப்புங்க.”

இன்னாசி திருப்பினான். தகடு சிமெண்டுத் தரையில் வழுக்கி, சட்டத்தின் நுனி கோதையின் தோளில் லேசாகப் பட்டது.

ஸ்லெட் படக்கென்று பின்னால் இழுத்தது. இன்னாசியின் வலது கை நீண்டு அவள் தோளைத் தொட்டது. திரும்பி வந்து தன் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

“ஐயோ, மன்னிச்சிரும்மா. கால் பட்டுட்டு.”

சொன்ன வாய் மூடவில்லை. நீண்ட கை கண்ணிலேயே நின்றது. கோதை கணினியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள். கொரியாக்காரனோடு மோதியபோது பதிவான அதே கோடு, அதே வளைவு.

“கால் பட்டுட்டுன்னு தொட்டுக் கும்புடுறீங்க!” என்று கத்தினாள். “அண்ணா, நீங்க அந்தக் கொரியாக்காரனக் கும்பிட்டிருக்கீங்க!”

“ஏ யம்மா” என்றான் இன்னாசி. மறந்தும் பிறர்மேல் கால் படக்கூடாது, பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்: நடக்கப் பழகிய நாள் முதல் உடம்புக்குள் போய் உட்கார்ந்த பழக்கம் அது. மாதா கோயிலுக்குப் போகிற இன்னாசிக்கும், தொழுகைக்குப் போகிற கோல்காவலன் சிக்கந்தருக்கும், பஞ்சாபிலிருந்து வந்த முன்கள ஆட்டக்காரர்களுக்கும் அது பொது. கால் போன பிறகு அந்தப் பழக்கத்துக்கு வேலையில்லாமல் இருந்தது. கோதை காலைத் திருப்பிக் கொடுத்தாள். காலோடு மரியாதையும் திரும்பி வந்துவிட்டது. ஹெல்மெட் மாட்டியிருப்பது கைக்கு எப்படித் தெரியும்? கண்ணைத் தேடிப் போய் வலைக்கம்பியில் முட்டிக்கொண்டது.

“அப்போ பயிற்சியில சிக்கந்தர் அண்ணன இடிச்சப்ப ஏன் வரல?”

இன்னாசிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “அவன் மேலயா? அவன மிதிச்சா என்னம்மா தப்பு? அவன் நம்ம சேக்காளில்லா!”

கதவோரம் மட்டைக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்த சிக்கந்தர் தலையைத் தூக்கினான். மதுரைக்காரன். “மிதிப்படா மாப்ள, மிதிப்ப. சேக்காளின்னா என்ன, உங்க வீட்டுக் கால்மிதியா?”

கோதைக்கு இப்போது முழுதும் விளங்கிவிட்டது. அண்ணன் தம்பி ஒரே பாயில் புரண்டு உதைத்துக்கொள்ளும்போது யாரும் தொட்டுக் கும்பிடுவதில்லை. கூடப் படித்த சிநேகிதனை, சேக்காளியைப் பெஞ்சுக்கு அடியில் மிதிக்கும்போது கும்பிடுவதில்லை. அந்நியர், பெரியவர், மதிக்க வேண்டியவர் என்றால்தான் கை தானாக எழுகிறது. மூளை மனிதர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஸ்லெட் அதைத் தப்பில்லாமல் படித்திருக்கிறது.

கோச்சைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் முழுதும் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்குவதற்காகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது.

“நாளைக்கு மேட்ச். பழக்கம் ஒரு நாள்ல போகாது. அதனால கம்பி கழட்டு. இல்லைன்னா நாளைக்குள்ள நார்வே டீம் முழுக்க உன் தோஸ்த் ஆகணும்.”

அவர் கேலியாகத்தான் சொன்னார். இன்னாசி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

“ஆக்கிருவோம்” என்றான்.

பையிலிருந்த கம்பிவெட்டியை ஸ்டான்சின் தட்டிக் காட்டினார். “முதல் பகுதி ஆட்டத்துல ஒரு ‘டங்’ கேட்டா, இடைவேளையில நானே வெட்டுவேன். சரியா இருங்க?”

சாயங்காலம் விளையாட்டு விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் நார்வேக்காரர்கள் ஒரு நீள மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள். இந்திய அணி சக்கர நாற்காலிகளை உருட்டிக்கொண்டு வரிசையாக உள்ளே போனது. முன்னால் இன்னாசி. அவன் மடியில் அம்மா கட்டிக்கொடுத்த தகர டப்பா. அதற்குள் தூத்துக்குடி மக்ரூன்.

“விஷயத்தச் சொல்லிராதடா” என்று சிக்கந்தர் காதில் கிசுகிசுத்தான். “சும்மா சிரிச்சுப் பேசிட்டு வந்துருவோம்.”

“சொல்லாம மிதிச்சா அது எதிரிக்காரன் வேலதாம்லே. சொல்லிட்டு மிதிச்சாத்தான் சேக்காளி.”

நார்வே அணித்தலைவன் ஐரிக் பெரிய ஆள், செந்தாடி. இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலம் போதுமானதாக இருந்தது. மக்ரூனை ஒன்று வாயில் போட்டான். அது முந்திரியும் முட்டை வெள்ளையுமாக நாக்கில் கரைந்து காணாமல் போனதும், பல்லுக்கு வேலையே வைக்காத பண்டத்தை நம்ப முடியாமல் வாயைத் திறந்து பக்கத்து ஆளிடம் காட்டினான்.

“உன் கால் எங்க போச்சு?” என்று கேட்டான் இன்னாசி. இந்த ஆட்டக்காரர்களுக்கு நடுவே இது, சாப்பிட்டாச்சா என்று கேட்பது போல.

“மீன்பிடிக் கப்பல்ல. வலை இழுக்கற உருளையில மாட்டி, கடல்ல போச்சு. மீன் தின்னிருக்கும்.”

“அட, நீயும் கடல்காரனா! நேத்து இங்க நார்வே மீனுன்னு சொல்லிப் போட்டான், நான் ரெண்டு துண்டு தின்னேன்லே.”

ஐரிக் கணக்குப் பார்த்தான். பிறகு மேசையை அறைந்து சிரித்தான். “என் காலைத் தின்னவன் நீயா!”

அதற்குப் பிறகு சொல்வது எளிதாக இருந்தது. இன்னாசி ஒளிக்காமல் சொன்னான். கால் பட்டால் எங்கள் கை எங்கே போகும், ஏன் போகும், யார்மேல் பட்டால் போகாது, எல்லாவற்றையும். “நாளைக்கு உங்கள மிதிக்கணும். அதுக்குத்தான் மக்ரூன். சேக்காளி ஆகலைன்னா எங்க கோச் என் கால வெட்டிருவாரு.”

ஐரிக் முள்கரண்டியைக் கீழே வைத்தான். சிக்கந்தர் கண்ணை மூடிக்கொண்டான்.

“எங்களுக்கு அது வெறும் உணர்வுக் கம்பி” என்றான் ஐரிக் மெதுவாக. “பனி சொரசொரப்பா, வழவழப்பான்னு சொல்லும். அதுக்குத்தான் வெச்சிருக்கோம். நீங்க அத நிஜமாவே காலாவா வெச்சிருக்கீங்க?”

“பின்ன? கால் இல்லாம வேற என்ன அது?”

“அந்தக் கும்பிடு, எங்க, காட்டு.”

இன்னாசி காட்டினான். ஐரிக் திரும்பச் செய்தான். கண்ணுக்குப் பதிலாக மூக்கில் ஒற்றிக்கொண்டான். அடுத்த சற்று நேரத்தில் நார்வேக்காரர்கள் ஒருவர் நாற்காலியை ஒருவர் முட்டுவதும், தொட்டுக் கண்ணில் ஒற்றுவதுமாகக் கூடம் அமளிப்பட்டது. செயற்கைக்கால் வைத்திருந்த ஒருவன் அதைக் கழற்றிப் பக்கத்து ஆள்மேல் வைத்துவிட்டு, குனிந்து தொட்டுக் கும்பிட்டான். ‘சேக்காளி’ என்ற சொல்லை ஐரிக் மூன்று விதமாகச் சொன்னான், மூன்றும் தப்பு. “ஏலே” மட்டும் முதல் தடவையே அச்சாக வந்தது.

மறுநாள் ஆட்டம். முதல் மோதலுக்கு இன்னாசி ஐரிக்கையே தேடிப் போனான். விலா விலாவில் இடித்தது. கணுக்காலின் பக்கத்தில் திண்ணென்று ஓர் அடி விழுந்ததை இன்னாசி உணர்ந்தான். கை எழவில்லை. ஸ்லெட் இம்மியும் பின்வாங்கவில்லை. ஐரிக் தடுப்புச் சுவரில் போய்ச் சாய்ந்தான்.

“ஏலே, எந்திரில!” என்று கத்திக்கொண்டே இன்னாசி வட்டைக் கடத்தினான்.

‘டங்’ கேட்காத ரசிகர்கள் ஏமாந்துபோனார்கள். ஐரிக்கும் கூட்டாளிகளும் சேக்காளிகளுக்கு உரிய முழு மரியாதையோடு திருப்பி இடித்தார்கள். அணிக்கு ஒரு கோல். முதல் பகுதி முடியும் தறுவாயில், தடுப்பாட்டக்காரன் ஒருவன் குறுக்கே வந்தான். இன்னாசி உரசினான்.

டங்.

அரங்கம் எழுந்து கைதட்டியது. பெஞ்சில் ஸ்டான்சின் தன் பைக்குள் கையை விட்டார்.

இடைவேளையில் உடைமாற்றும் அறைக்குள் அவர் வந்தபோது இன்னாசி இரண்டு கையாலும் முன்கம்பியைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“கோச், அவன் நேத்து சாப்பாட்டுக்கு வரல. பல்வலின்னு ரூம்ல படுத்துட்டான். அவன எனக்குத் தெரியாது கோச்!”

“நான் சொன்னேன். நீங்க கேட்டே.”

“ஒரே ஒரு நிமிசம் குடுங்க.”

கோதை குறுக்கே வந்து நின்றாள். “கோச், மத்த எல்லாருகிட்டயும் கோடு நேரா இருக்குதுங்க. ஒரே ஒரு ஆளுதான் பாக்கி.”

ஸ்டான்சின் கம்பிவெட்டியைத் திறந்து மூடினார். வெட்டியபின் ஒட்ட முடியாத கம்பி அது என்பது அவருக்கும் தெரியும். கதவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

சக்கர நாற்காலிக்கு மாறக்கூட நேரமில்லை. ஏற்கெனவே நாற்காலியில் இருந்த சிக்கந்தர் ஸ்லெட்டோடேயே அவனை நடைவழியில் முட்டித் தள்ளிக்கொண்டு போனான். நார்வே அறையின் வாசலில் கன்னம் வீங்கிய ஒருவன் ஐஸ் பையை ஒத்திக்கொண்டிருந்தான். பெயர் ஹோகோன். இன்னாசி கையோடு கொண்டுவந்த மக்ரூன் டப்பாவைத் திறந்து நீட்டினான்.

“கடிக்க வேண்டாம். நாக்குல வெச்சாலே கரைஞ்சிரும். பல்வலிக்காரனுக்குன்னே எங்க ஊர்ல செஞ்சது.”

ஹோகோன் வைத்துப் பார்த்தான். ஒரு பக்கத்துக் கன்னம் மட்டும் சிரித்தது. இன்னொன்று எடுத்தான். “நீதானே ஐரிக் காலைத் தின்னவன்?” என்றான்.

இரண்டாவது பகுதியின் முதல் மோதலில் ஹோகோன் குட்டிக்கரணம் போட்டான். இன்னாசியின் கை எழவில்லை. பெஞ்சில் ஸ்டான்சின் கம்பிவெட்டியைக் கோதையிடம் கொடுத்து, “பெட்டியில வை” என்றார்.

கடைசிப் பகுதியில் ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. மணி அடிக்கச் சற்று நேரமே இருக்கும்போது சிக்கந்தர் தடுத்த வட்டு நடுத்தளத்தில் தனியாக வழுக்கிக்கொண்டு போனது. ஒரு பக்கம் இன்னாசி, மறுபக்கம் ஐரிக். பற்கள் பனியைக் கொத்தப் பனித்தூள் பறந்தது. ஐரிக் முந்தினான். வட்டின் குறுக்கே திரும்பியபோது அவனுடைய ஸ்லெட்டின் விளிம்பு இன்னாசியின் முன்கம்பியில், சரியாக இடது நுனியில், ஏறி இறங்கியது.

அப்போது கேட்டது.

டங்.

இந்த முறை அது இன்னாசியின் ஹெல்மெட் இல்லை. ஐரிக்கின் கை இன்னாசியின் கம்பியைத் தொட்டு, திரும்பிப் போய், செந்தாடிக்கு மேலிருந்த வலையில் முட்டி நின்றது. மட்டை தடுக்காத வட்டு ஐரிக்கின் ஸ்லெட்டுக்கு அடியிலிருந்த இடைவெளியில் நுழைந்து மறுபக்கம் வந்தது. இன்னாசி யோசிக்கவில்லை. இடது பாதத்தைத் திருப்பினான், வளைந்தான், அடித்தான். கோல் வலை ஆடியது.

மணி அடித்தபோது சிக்கந்தர் கோல் வாயிலை விட்டுவிட்டு வந்து இன்னாசியின் மேலேயே ஏறினான். “மிதிக்கிறேன்டா மாப்ள, கும்பிட மாட்டேன்!”

கொண்டாட்டம் ஓய்ந்த பிறகு நார்வேயின் பொறியாளர், வயதான ஒரு மனிதர், கோதையைத் தேடி வந்தார். முகத்தில் குழப்பம். “எங்க ஸ்லெட்டுல இன்னைக்கு ஒரு புதுக் கோளாறு. பட்ட நேரத்துல ஒரு தடவ பின்னால இழுத்துச்சு. பயிற்சியில வந்ததே இல்ல. உங்களுக்கு இப்படி ஏதாவது...?”

கோதை சிரிக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காருங்க. கொஞ்சம் பெரிய கதை. மக்ரூன் சாப்பிடுறீங்களா?”

இன்னாசிக்கு மட்டும் உள்ளே ஒன்று உறுத்தியது. கைகுலுக்கல்கள் முடிந்து தளம் காலியான பின் அவன் ஸ்லெட்டைத் துழாவி ஐரிக்கிடம் போனான். ஐரிக் தடுப்புச் சுவரோரம் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“ஏலே ஐரிக்கு. சேக்காளிக்கு அது வேண்டாம்னு நேத்தே சொன்னேன்லா? அந்த கோல் என் கணக்குல வராது போலிருக்கே.”

“சொன்னே. நானும் யோசிச்சுச் செய்யல. நேத்துல இருந்து விளையாட்டாச் செஞ்சு செஞ்சு கை பழகிருச்சு.” ஐரிக் கையுறையைப் புரட்டிப் பார்த்தான். “ஆனா உன்ன இடிச்சப்ப எல்லாம் கை வரல. அந்த ஒரு தடவதான் வந்துச்சு. என் ஸ்லெட் ஏறினது உம்மேல இல்ல. உன் கால் மேல.”

குனிந்து இன்னாசியின் முன்கம்பியைப் பார்த்தான். இடது நுனியில் பெயிண்ட் உரிந்து ஒரு சிராய்ப்பு.

“வலிச்சுதா?” என்று கேட்டான்.

இன்னாசியும் அந்தச் சிராய்ப்பைப் பார்த்தான். கை வலிக்கிறதா, முதுகு வலிக்கிறதா, மனசு வலிக்கிறதா என்று இந்த ஒன்பது வருடத்தில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். காலைப் பற்றி யாரும் இதைக் கேட்டதில்லை. எப்படிக் கேட்பார்கள்?

இரண்டாவது விரல் இன்னும் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.

“வலிச்சுதுலே” என்றான், முகமெல்லாம் சிரிப்பாக. “நல்லாவே வலிச்சுது.”